இல்லாத கழுதை பற்றிய கடிதங்கள்

பத்தாண்டு சமாதானம் என்று
இரண்டு மொழியில் எழுதினோம்.
நான் இலத்தீனில்,
ஹிம்ஸிலிருந்து வந்த முக்பில் அரபியில்.
பேசி முடித்தவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள்.
கூடார வெக்கையில் மை தானாகவே காய்ந்தது,
வழக்கத்துக்காக மணல் தூவினோம்.
அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது:
அவர்கள் ஆண்டு பிறையைப் பார்த்து நடப்பது,
எங்கள் ஆண்டு வெயிலைப் பார்த்து.
பத்தாண்டு முடிகையில்
நூற்றெட்டு நாள் முன்பே அவர்கள்
கரையேறியிருப்பார்கள்.

அவர் என்னைப் பார்த்தார்.
நான் மணலை ஊதினேன்.

மெழுகு உருகுவதற்குள்
அடியில் ஒரு விதி சேர்த்தார் முக்பில்:
ஆடு மாடு கழுதை சேணம்
காணாமற்போய் வழக்கு வந்தால்
விசாரிக்க நாற்பது நாள்,
அதுவரை வாள் உறையில்.
கை துடைத்தபடி வந்த பிரபுக்கள் தலையசைத்தார்கள்.
கழுதை விஷயத்தில் யாருக்கு என்ன?

பத்தாண்டுக்குள் யாராவது வாக்கை முறிப்பார்கள்,
என் கவலை தீரும் என்றிருந்தேன்.
ஒருவரும் முறிக்கவில்லை.
கஃபர் தூத்தின் வாற்கோதுமையில்
பாதி எங்கள் கோட்டைக்கு, பாதி அந்த அமீருக்கு.
அளப்பவன் ஒருவன், மரக்கால் ஒன்று.
அவன் திருடியதும்
இருபக்கமும் சமமாகத்தான்.

பத்தாம் ஆண்டு, ஷபாத் மாதம்,
ஆலிவ் மரங்களுக்கு மேல்
நகக்கீறலாய்ப் பிறை.
அக்கரைக்கு முடிந்தது.
இக்கரைக்கு முடியவில்லை.
நடுவே முழங்காலுயரத்தில்
பச்சை மாறாத பயிர்.
கோட்டைத்தலைவர் கலேரானுக்கு
எண்ணத் தெரியும், பத்துவரை.

அன்றிரவே ஈட்டியில் வெள்ளைத் துணி கட்டி
ஒருவன் வந்தான்.
“நமக்குள் நிலவுகிற சமாதானத்தின்போது
இடக்காது அறுந்த எங்கள் கோவேறு கழுதை
உங்கள் எல்லைக்குள் வழிதவறியது.”
மூன்றுமுறை படித்தேன்.
நிலவிய என்று இல்லை.
நிலவுகிற.

லாயத்தில் தேடினேன். இல்லை.
மேய்ச்சல்காரர்களைக் கேட்டேன். சிரித்தார்கள்.
தேடாத இடத்தை மிச்சம் வைத்துத் தேடி
நாற்பதாம் நாள்
திரிபோலிச் சந்தையில்
காதறுந்த ஒன்றை விலைக்கு வாங்கி
ஆற்றைக் கடத்தி அனுப்பினேன்.

திரும்பி வந்தது.
“கழுதை எங்களுடையதே.
சேணம் இல்லை.
எங்களுடையதில் சிவப்புக் கம்பளி இருந்தது.”
நாற்பது நாள்.

அதற்குள் கஃபர் தூத்தில் அரிவாள் இறங்கிவிட்டது.
பெண்கள் கட்டுக்கட்டாய்ச் சுமந்தார்கள்,
பேறுகாலம் நெருங்கிய ஒருத்தி
வரப்பிலேயே பெற்றாள்.
பிள்ளை எந்த ஆண்டில் பிறந்ததென்று
என்னிடம் கேட்டார்கள்.
வெயில் நாளில் என்று சொல்லிவைத்தேன்.

சிவப்புக் கம்பளி தைத்து அனுப்பினேன்.
திரும்பி வந்தது.
துறையை இப்போது அதற்கே தெரியும்,
ஓட்டுபவன் கரையில் உட்கார்ந்துகொள்கிறான்.
“சேணம் சரி. கழுத்து மணி எங்கே?”
நாற்பது நாள்.

மூன்று நாற்பது நூற்றிருபது.
எங்கள் வெயிலும் தீர்ந்து
பன்னிரண்டு நாள் மிச்சம்,
எந்த நாட்காட்டியிலும் சேராதவை.
அந்த நாட்களில் நான் பகலில் தூங்கினேன்.
களத்துமேட்டில் பதர் பறப்பதைப் பார்த்தபடி
வறுத்த கொண்டைக்கடலை தின்றேன்.
முக்பில் அக்கரையில் என்ன தின்றாரோ.

மணி கட்டி அனுப்பினேன்.
கழுதை திரும்பியபோது
கடிதத்தில் வேறு கை.
நேர்வரி, பிழையில்லை,
முக்பிலின் சாய்ந்த எழுத்து ஒன்றுகூட இல்லை.
“எங்கள் கணக்கில்
அப்படியொரு கழுதை என்றும் இருந்ததில்லை.”

கோபுரத்தில் நெருப்பு மூட்டினார்கள்.
அம்புக்கட்டுகளை ஏற்றக்
கழுதை போதவில்லை என்று
லாயக்காரன் கத்திக்கொண்டிருந்தான்.

பழைய திராட்சை ஆலையின் இருட்டுக்குள்
அதைக் கொண்டுபோய்க் கட்டினேன்.
தலையை ஆட்டியது.
சேணத்திலிருந்து கம்பளி பிய்த்து
மணியின் நாக்கைச் சுற்றினேன்.