எட்டாவது தடவை

முப்பத்தாறு வருடம்
உட்கார்ந்தபடியே ரீகா நகரைச் சுற்றியவள் நான்.
டிராம் ஓட்டுநர்.
ஏறுவதும் இறங்குவதும் மற்றவர்கள் வேலை.

இப்போது செவ்வாயும் வெள்ளியும்
ஒரு நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பதற்குப்
பயிற்சிக்குப் போகிறேன்.
சிரிக்காதீர்கள்.
எண்பத்திரண்டு வயதில் அது தொலைதூரம்.

என் இதயம் ஒரு மருத்துவருக்குச் சொந்தம்,
சிறுநீரகம் இன்னொருவருக்கு.
சர்க்கரையைக் கவனிப்பவள் தனி.
தண்ணீரைக் குறையுங்கள் என்பார் ஒருவர்,
நிறையக் குடியுங்கள் என்பார் அடுத்த மாடியில்.
பதின்மூன்று மாத்திரைகளும் உள்ளே போய்
ஒன்றையொன்று விசாரித்துக்கொள்கின்றன.
"எழுந்திருங்கள், ஸ்கைத்ரீதே" என்று
மொத்த உடம்பையும் ஒரே பெயரால் கூப்பிட்டவன்
எட்வின்ஸ் மட்டும்தான்.

பாதத்தைப் பின்னுக்கு இழுத்து,
மூக்கு கால் கட்டைவிரலுக்கு நேரே வரும்வரை குனிந்து,
அப்புறம்தான் எழும்ப வேண்டுமாம்.
முதல் நாள் ஒன்றரைத் தடவை.
அந்த அரையையும் அவன் தாளில் எழுதிக்கொண்டான்.
அதற்காகவே மறுபடி போனேன்.

பக்கத்து நாற்காலியில் ஓயார்ஸ்.
மூக்கில் ஆக்சிஜன் குழாய், வாயில் ஓயாத வசவு.
ரப்பர் பட்டையை இழுக்கும்போதெல்லாம்
அரசாங்கத்தைத் திட்டுவார்.
பன்னிரண்டு இழுப்புக்குப் பன்னிரண்டு அமைச்சர்கள்.
அவருக்கு மூச்சு முட்டினால் எல்லோரும் நிறுத்துவோம்.
வெட்கப்பட ஆளில்லாத அறை அது.

எழுந்தவுடன் நடக்கக் கூடாது,
ரத்தம் தலைக்கு வந்து சேரட்டும்,
பத்து எண்ணுங்கள் என்றான்.
எனக்கா சொல்லித் தருகிறான்?
கதவை மூடு, கண்ணாடியைப் பார்,
மணியை அடி, பிறகு கிளம்பு.

பிப்ரவரியில் ஓர் இரவு
கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடுவே விழுந்தேன்.
தொலைபேசி சமையலறையில்.
மேல்வீட்டுத் தொலைக்காட்சியில்
யாருக்கோ கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.
புரண்டேன். முழங்கையில் சாய்ந்து கிடந்தேன்.
பிறகு மண்டியிட்டு, ஸ்டூல்வரை தவழ்ந்து,
பயிற்சிப் பாயில் முகம் சுளித்துக்கொண்டே
நாங்கள் பழகிய அதே வரிசை.
ஓயார்ஸிடமிருந்து நான்கு அமைச்சர்களைக் கடன் வாங்கினேன்.
நாற்பது நிமிடம்.
நின்றேன்.
பத்து எண்ணினேன்.

வெள்ளிக்கிழமை யாரிடமும் சொல்லவில்லை.
சொன்னால் மகள்வரை செய்தி போகும்,
யெல்காவாவில் முதியோர் இல்லம் விசாரிப்பாள்.
ஏழு தடவை என்று எட்வின்ஸ் எழுதினான்.
எட்டு, என்றேன்.
"நான் ஏழுதான் பார்த்தேன்."
"ஒன்று வீட்டில்."

பேனா தாளின் மேல் சற்று நின்றது.
என் முழங்கை நீலத்தைப் பார்த்தான்.
நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு
எதிரே உட்கார்ந்துகொண்டான்.
நான் பேசட்டும் என்று காத்திருந்தானா,
எழட்டும் என்றா, தெரியவில்லை.

முதலில் எழுந்தேன்.