மழைக்கு ஒரு ஸ்க்ரீன்

ஒசாக்காவிலிருந்து வந்த ஆர்டர்.
நாலாயிரம் டி-ஷர்ட், முதுகில் ஒரு சாலை.
மரப்பலகையில் செதுக்கி அச்சிட்ட பழைய படமாம்.
மூங்கில் தொப்பி கவிழ்த்த ஆறு பேர்
குனிந்தபடி பாலம் ஏறுகிறார்கள்.
ஒருத்தன் தோளில் காவடி மாதிரி ஒரு சுமை.
குதிரைக்கு மட்டும் போக மனசில்லை.

என் வேலை அவர்களைப் பிரிப்பது.
நீலத்தை எடுத்தேன்,
ஆறும் வானத்தின் மேல்விளிம்பும் சேர்ந்தே போயின.
சாம்பலை எடுத்தேன், மலை போனது.
வைக்கோல் மஞ்சளைத் தனியே வைத்தபோது
தொப்பிகள் மானிட்டரில் மிதந்தன
கீழே தலையில்லாமல்.
கடைசியில் மழை.
சாய்ந்த கறுப்புக் கோடுகள், மயிரிழை கனம்.
அதற்கு மட்டும் தனியாக ஒரு ஸ்க்ரீன்.

அங்கேயும் இப்படித்தானாம்,
நிறத்துக்கு ஒரு பலகை,
காகிதம் அசையாமல் உட்கார மூலையில் ஒரு வெட்டு.
நாங்கள் பிளஸ் குறி வைக்கிறோம்.

ராத்திரி ஷிப்டில்
மழையின் கண்கள் மை காய்ந்து அடைத்துக்கொண்டன.
தபன் தூக்கக் கலக்கத்தில்
வெறும் ஸ்க்ரீனை இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறான்.
நூற்றுப் பன்னிரண்டு சட்டைகளில்
மழை விழவில்லை.

காலையில் ஒன்றை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து
செக்கிங் ராக்கியண்ணன் கேட்டார்:
"ஏனுங் கண்ணு, இவுங்க எதுக்குக் குனிஞ்சு போறாங்க?"
மழைக்கு என்றேன்.
"எங்கீங்க மழெ?"
ஓடு ஓடாகப் புரட்டினார்.
"வெயிலுக்குன்னே சொல்லிப்போடுங்க.
நம்மூர்ல அதுக்கும் இப்படித்தான் குனியோணும்."

ஜப்பான்காரருக்கு அந்தச் சமாதானம் போதாது.
செகண்ட்ஸ் மூட்டையில் கட்டிக்
காதர்பேட்டைக்கு அனுப்பினோம்.
தபனுக்கு அரைநாள் சம்பளம் பிடித்தார்கள்.
எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை,
படம் பிரித்தவளை யாரும் நினைப்பதில்லை.

பேரூர் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை
சுண்டக்காமுத்தூர்ப் பக்கம் அந்தப் பாறையைப் பார்த்திருக்கிறேன்.
பெருவழி என்று வெட்டியிருக்கிறார்கள், அரசன் பேரோடு.
கணவாய்க் காற்று முகத்தில் அடிக்க
மிளகோ உப்போ சுமந்து வந்தவன்
தொப்பி போட்டிருந்தானா,
எந்த இடத்தில் குனிந்தான்,
கல்லில் ஒரு கோடு கிடையாது.
எங்களுக்குச் சாலை நின்றது, ஆள் நிற்கவில்லை.
அவர்களுக்கு ஆள் நின்றுவிட்டான்
பாலத்தின் நடுவிலேயே,
இன்னும் அக்கரை சேராமல்.

ஐப்பசி.
கம்பெனி வேன் பெருமாநல்லூர் நால்ரோட்டில் நின்றபோது
மழை கண்ணாடியில் சாய்ந்து சாய்ந்து விழுந்தது.
ஓரமாக ஒருத்தன் நடந்தான்.
தலைமேல் உரச்சாக்கைக் கொங்காணி போட்டிருந்தான்,
ஒரு கையில் அரிசிப் பை,
இன்னொரு கையில் செருப்பு.
சாக்கு விலகிய இடத்தில் முதுகு தெரிந்தது:
பாதிப் பாலம், மூன்று தொப்பி,
போக மனசில்லாத குதிரை.

எந்த ஊர்க்காரனோ. எந்த மில் விட்டு எந்த ரூமுக்கோ.
ஒரே சாய்வில் விழுந்தது மழை,
அவன் மேலும், அவன் மேல் நடந்தவர்கள் மேலும்.
டிரைவரை நிறுத்தச் சொல்லத் தோன்றி
என்னவென்று சொல்வது என்று தெரியாமல்
சும்மா இருந்துவிட்டேன்.
சிக்னல் விழுந்தது.

இப்போது யோசித்தால்
அந்த மஞ்சள் கொஞ்சம் அடர்த்திதான்.
நனைந்த வைக்கோல் அந்த நிறத்தில் இருக்காது.