இரண்டாம் மாடி, ஒன்பதாம் நாள்

அறுபது நாளாம்.
மச்சி நஸ்மியா மெல்போர்னிலிருந்து அனுப்பியது.
"செஞ்சு பாருகா, உடம்பு பஞ்சாகும்."

பஞ்சாகவில்லை.
முதல் நாள் பன்னிரண்டாம் நிமிஷத்தில்
நனைந்த சாக்காகிப் பன்பாயில் கிடந்தேன்.
அரிசி டின்னில் சாய்த்து வைத்த போனுக்குள்
அந்த மனிதர், தோள் இரண்டும் மினுங்க,
"இன்னும்! இன்னும்!" என்று கத்திக்கொண்டிருந்தார்
எனக்குக் கடன் தந்தவர் மாதிரி.

சாய்ந்தமருது. வெளியே கச்சான்.
லுஹருக்கும் பள்ளிக்கூடம் விடுவதற்கும் நடுவில்
எனக்கென்று ஒரு மணித்தியாலம்.
யன்னலைச் சாத்தி,
மறுகா சீலையை இழுத்து,
மறுகா கதவுக்குத் தாழ்ப்பாள்.
தோஹாவில் இருப்பவரின் பழைய ஜேர்சி,
முதுகில் பத்தாம் நம்பர்.
மின்விசிறி சுற்றியது,
சூட்டைத்தான் சுற்றியது.

கல்முனை ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னது:
"சீனி வேலியில நிக்குது.
இந்தப் பக்கம் தாண்டினா குளிசை."
அந்த வேலியை நினைத்துத்தான் பாய்கிறேன்.

விழு, கிட, எழும்பு, பாய்.
மறுபடி விழு.
அதற்கொரு இங்கிலீசுப் பேர் சொன்னார், வாயில் நிற்கவில்லை.
கரைவலையிலிருந்து மணலில் கொட்டிய கீரிமீன்
இதைத்தான் செய்யும்,
யாரும் எண்ணாமல்.

நாலாம் நாள் டேட்டா தேய்ந்தது.
பாய்ந்தவர் பாய்ந்தபடி நின்றார்,
நிலத்துக்கு ஒரு முழம் மேலே,
வாய் திறந்து, கை விரித்து.
சின்ன வட்டம் சுற்றச் சுற்ற
நான் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினேன்.
இவ்வளவு நேரம் எனக்காக
அந்தரத்தில் ஒருத்தரும் காத்து நின்றதில்லை.

கீழ் வீட்டில் ஜெஸீமா.
தண்ணி மோட்டர் பில்லில் முந்நூற்றி நாற்பது ரூபா,
அதற்கு ஏழு மாதமாகப் பேச்சில்லை.
நான் பாய்ந்தால் அவள்
தும்புத்தடிக் காம்பால் முகட்டில் இடிப்பாள்.
டொக்.
நான் பாய்வேன்.
டொக்.
ஐந்தாம் நாள் அது, ஆறாம் நாள், ஏழாம் நாளும் அது.
எட்டில் முழங்கால் சண்டைக்கு வர
நானும் பாயவில்லை, அவளும் இடிக்கவில்லை.

ஒன்பதாம் நாள்
பாய்ந்து இறங்கினேன். தொம்.
காம்பு வரும் என்று காது கொடுத்தேன்.
கீழே,
அரை நொடி பிந்தி,
தொம்.

எதிரொலி என்று நினைத்தேன்.
இன்னொன்று பாய்ந்தேன். இன்னொன்று கேட்டது.
நான் நின்றேன். அது நிற்கவில்லை.
மூன்று, நாலு,
ஏதோ சட்டி உருண்ட சத்தம்,
சின்னதாய் ஒரு "யா அல்லாஹ்",
மறுகா ஐந்து.

குளியலறைத் துவாரத்தால் போயிருக்க வேணும்
என் மனிதரின் கத்தல்.
அவள் முகமும் காணாமல், படமும் காணாமல்,
வெறும் அதட்டலுக்கே பாய்கிறாள்.

போனை எடுத்தேன்.
சத்தத்தை இரண்டு கோடு கூட்டி வைத்தேன்.

விடியப்புறம் மஹ்றூபின் மீன் பைக் கோர்ன் அடித்தது.
நேராக இறங்கத் தொடை விடவில்லை.
கைப்பிடியை அணைத்துக்கொண்டு
ஒவ்வொரு படியாய்ச் சரிந்து சரிந்து வந்தால்,
கீழ்த் தட்டில் அவள்,
அதே கைப்பிடி, அதே சரிவு.
என் முழங்காலை அவள் பார்த்தாள்.
அவளுடையதை நான்.

"என்ன, ரெண்டு பேரும் நண்டு நடை?" என்றான் மஹ்றூப்,
தராசில் சூரையைப் போட்டபடி.
ஒருவரும் சிரிக்கவில்லை.
சிரித்தால் வயிறு வலிக்கும்.

காசைக் கொடுத்து மீதியை எண்ணும்போது
சில்லறையிடம் சொல்வதுபோல் சொன்னாள்:
"பாதியில நிப்பாட்டாதகா.
எண்ணிக்கை பிசகுது."

முந்நூற்றி நாற்பது பற்றிக் கதை இல்லை.
மீன் பையோடு திரும்பினோம்.
என் கதவுக்கு இருபத்தாறு படி.
பதின்மூன்றாவதில் அவள் வீடு.
நான் வந்து சேரும்வரை
அவள் திறப்பைத் தேடிக்கொண்டே நின்றாள்.