பதிலுக்கு ஒரு மரம்

குவே ஊருக்கு மேலே, சரிவில்,
ஏழு இலையுதிர்காலமாக நான் படமெடுக்கும் ஃபிர் மரத்தின் இடுப்பில்
ஒரு நீலப் புள்ளி.
தொட்டேன். கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது.

பகைவரின் காவல் மரத்தைச் சாய்த்தால்
போரே முடிந்ததாக அர்த்தம் என்று
புறத்திணை வகுப்பில் படித்திருக்கிறேன்.
இங்கே பகைவர்
சிவப்புத் தலைக்கவசம் போட்ட சொலாஞ்ச் பெரஞ்ஜாகே,
ஊராட்சியின் வனப் பொறுப்பாளர்.
பிளாஸ்கிலிருந்து எனக்கும் ஒரு மூடி காப்பி ஊற்றுகிறாள்.

"உன் மரம் என்று யார் சொன்னது?"
யாரும் சொல்லவில்லை.
அக்டோபர் மாதமாக அது
நூற்றுப்பத்துச் சமையலறைகளில் தொங்குகிறது.
அவ்வளவுதான் என் பட்டா.

நோட்டைத் திறந்து காட்டினாள்.
மார்பளவு உயரத்தில் ஒவ்வொரு மரத்தின் தடிமன்.
எட்டு வருடத்தில் காடு எவ்வளவு பருத்ததோ
அவ்வளவே எடுப்பது.
வட்டி மட்டும்; முதலில் கைவைப்பதில்லை.
மொட்டையடித்த சரிவு ஒன்று இருந்தால் காட்டு என்றாள்.
இல்லைதான்.
இருந்திருந்தால் கறுப்பு வெள்ளையில், கோபமாக எடுத்திருப்பேன்.
போட்டிகளில் அதற்குப் பரிசு உண்டு.

"சரி, உன் அக்டோபரில் அந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?"
மூடுபனி கிழிந்து சாய்வாக இறங்கும் ஒற்றைக் கற்றை.
அதற்காக முருகனுக்கு நன்றிகூடச் சொல்லியிருந்தேன்.
அவள் கைநீட்டிய இடத்தில்
பாசி ஏறிய மூன்று அடிக்கட்டைகள்.
"ஸ்ப்ரூஸ். பட்டைவண்டு வந்த வருடம். வெட்டச் சொன்னது நான்."

விடவில்லை நான்.
வாதத்துக்கு ஏதாவது கிடைக்குமா என்று
டெலி லென்ஸை மேலே திருப்பினேன்.
பதினான்கு மீட்டர் உயரத்தில் ஒரு துளை, முட்டை வடிவில்.
கறுப்பு மரங்கொத்தியின் வீடு.
சின்னத் திரையைப் பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கிப் பார்த்தாள்.
"ஏழு வருடமாகப் பார்க்கிறாய். இப்போதுதானா சொல்வது?"

கத்தியால் நீலத்தைச் சுரண்டினாள்.
வெள்ளை வளையம் போட்டாள்: குடியிருக்கும் மரம்.
நான் காமிராவை மூடிக்கொண்டிருந்தேன், ஜெயித்தவன் மாதிரி.

"ஆறு கன மீட்டர் குறைகிறது.
பள்ளிக்கூடத்துக் கூரைக்கு அறுவை ஆலையில் வாக்குக் கொடுத்தாகிவிட்டது.
பதிலுக்கு ஒன்றை நீயே காட்டு."

எத்தனை மரங்களை வெட்டியிருக்கிறேன்,
சட்டகத்தின் ஓரத்தில், சத்தமில்லாமல்,
அரையடி இடப்பக்கம் நகர்ந்தே.
குறுக்கே நின்றது, கிளை முறிந்தது, சும்மா நின்றது.
அன்றைக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று.
இது வேண்டாம், அணில் ஓடுகிறது.
இது நேராக இருக்கிறது, பாவம்.
இது கோணல், அதனாலேயே வேண்டாம்.
அவள் இரண்டாவது மூடி காப்பியும் குடித்து முடித்தாள்.

கடைசியில் பாறையோரத்து ஸ்ப்ரூஸைக் காட்டினேன்.
ஏன் அது?
"அதை நான் ஒருமுறைகூடப் படமெடுத்ததில்லை."
அதெல்லாம் ஒரு காரணமா என்றாள்.
ஆனாலும் உச்சி மெலிந்துவிட்டது,
அடியில் குட்டிகள் வெயிலுக்குக் காத்திருக்கின்றன,
சரி, என்று புள்ளி வைத்தாள்.

நவம்பரில் இவானின் ரம்பம்.
மரம் விழுந்த சத்தம் காதுக்கு வருமுன்
பூட்ஸின் அடியில் வந்தது.
பதினொரு படம் எடுத்தேன்.
எல்லாவற்றிலும் மரத்தூள்; லென்ஸைத் துடைக்க மறந்திருந்தேன்.
குட்டிகளில் இரண்டு விழுந்த கிளைக்கடியில் நசுங்கின.
அதையும் சொலாஞ்ச் நோட்டில் எழுதினாள்.

அன்றிரவு பழைய கோப்புகளைத் திறந்தேன்.
பாறையோரத்து ஸ்ப்ரூஸ்
ஏழு அக்டோபரிலும் நின்றிருக்கிறது, இடது ஓரத்தில்.
ஏழிலும் நானே அழித்திருக்கிறேன்,
மௌஸால், பொறுமையாக, ஊசி ஊசியாக.

ஒன்றில் மட்டும் நிழலை அழிக்க மறந்திருக்கிறேன்.
ஃபிர் மரத்தின் காலடியில் நீளமாகக் கிடக்கிறது,
யாருடையது என்று தெரியாமல்.