சைபர் விசை

பாகாயத்தில் கரண்ட் போய் இருபது நிமிடம்.
மின்விசிறி தன் கடைசிச் சுற்றையும் சுற்றி நின்றுவிட்டது.
மடிக்கணினிக்குள் மட்டும்
ஒரு மாவட்டம் இன்னும் விழித்திருக்கிறது.

நான் போட்ட மாவட்டம்.
ஒரு ரவுட்டருக்கு ஆற்காடு என்று பெயர்,
மற்றதற்குக் குடியாத்தம்.
ஆற்காடு இப்போது வேறு மாவட்டத்தில்.
என் திரையில் இன்னும் பிரிக்கவில்லை.
இரண்டுக்கும் நடுவே நெளிந்து போகும் சிவப்புக் கம்பிக்குப்
பாலாறு என்று எழுதினேன்.
அதிலும் ஒன்றும் வரவில்லை.

குடியாத்தத்தோடு ஒரு சின்னக் கணினியைக் கட்டி
எங்கள் வீடு என்று வைத்தேன்.
நிஜத்தில், பேரணாம்பட்டு தாண்டி,
வீட்டுக்குப் பின்னால் பாறைமேல் ஏறினால்தான்
அம்மாவுக்கு டவர் கிடைக்கும்.
ஷூ கம்பெனி பஸ் இறக்கிவிட்ட களைப்பில்
அவள் ஏறுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

இரண்டு முறை அரியர் விழுந்த தாள் இது.
முதல் முறை வாசல் மூடியே கிடந்தது.
ரவுட்டரின் வாசல்கள் பிறக்கும்போதே மூடித்தான் பிறக்கும்,
மூடாதே என்று நாம்தான் சொல்ல வேண்டும்.
இதை யாரும் சொல்லித்தரவில்லை என்று வீட்டில் சொன்னேன்.
சொல்லித்தந்தார்கள்.
இரண்டாம் முறை நடந்ததைப் பற்றிப் பேச விருப்பமில்லை.

நாளை காலை ஒன்பதரைக்கு மூன்றாம் முறை.

அத்தை மகனுக்கு அரசாங்கம் கொடுத்து
அவன் எனக்குக் கொடுத்த மடிக்கணினியில்
சைபர் விசை பெயர்ந்து போய்
ஒரு ரப்பர் மொட்டு மட்டும் மிச்சம்.
பேனா மூடியால் குத்தினால் சில நேரம் விழும்,
சில நேரம் விழாது.
இந்தப் பாடத்தில் எத்தனை சைபர் என்று
சைபர் இல்லாதவளைக் கேட்க வேண்டும்.

ஆற்காட்டிலிருந்து எங்கள் வீட்டுக்குப் பிங் போட்டேன்.
அப்படி ஓர் இடத்துக்கு வழியில்லை என்றது.
மறுபடி போட்டேன்.
வழியில்லை.
கம்பியைப் பிடுங்கிச் செருகினேன்.
ரவுட்டரை அணைத்துப் போட்டேன்.
முகவரிகளை விரல்விட்டு எண்ணினேன்.
வழியில்லை, வழியில்லை,
கொசுவுக்கு மட்டும் எல்லா வழியும் தெரிந்திருந்தது.

நனைத்த துப்பட்டாவை முகத்தில் போட்டுப் படுத்திருந்த வாஜிதா
எழுந்து வந்து தோள்மேல் தாடையை வைத்தாள்.
அவளுக்கும் இந்தத் தாள் பாக்கி, அவளுக்கும் புரியாது.
அதனால்தான் எழுத்துக்கூட்டிப் படித்தாள்.
"லோகு, உங்க வீடு இருபதுலதான இருக்கு?
ரெண்டுக்கு யாரடி அனுப்புற?"

இருபதின் சைபர் விழவில்லை.
இரண்டு என்று ஓர் ஊரே என் வரைபடத்தில் கிடையாது.
ஆனாலும் ஆற்காடு மறுபேச்சின்றித் தலையாட்டி
இல்லாத ஊருக்கு வழியை எழுதி வைத்துக்கொண்டது.
தப்பு என்று ஒரு சிவப்பு எழுத்தாவது காட்டியிருக்கலாம்.

பேனா மூடி. ஒரு குத்து.
இன்னொரு குத்து.
விழுந்தது.

முதல் பொட்டலம் போனது, திரும்பவில்லை.
இரண்டாவது திரும்பியது.
மூன்றாவது.
நான்காவது.
வாஜிதா கத்தியதில் பக்கத்து அறைக்காரி சுவரைத் தட்டினாள்.

"ஒண்ணு போச்சே?"
"அது போகும். மொதல் தடவ
யாரு வீடு, எந்த வீடுன்னு விசாரிச்சிட்டு நிக்கும்.
அதுக்குள்ள நேரம் முடிஞ்சிடும்."
சொன்ன பிறகுதான் தெரிந்தது,
இது எனக்குத் தெரிந்திருக்கிறது.

பேட்டரி ஒன்பது சதவீதம்.
காட்பாடிப் பக்கம் ஏதோ ரயில் ஊதுகிறது.
வாஜிதா தன் துப்பட்டாவை மறுபடி நனைக்கப் போய்விட்டாள்.
நான் இன்னொரு தடவை பிங் போட்டுப் பார்க்கிறேன்,
தேவையில்லாமல்,
நான்கும் திரும்பி வருகின்றன.

நாளை லேபில் எல்லா விசையும் இருக்கும்.
அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.