நிற்பதற்கான எண்ணெய்

"பறக்குமா?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள்.
ஜூருவில், டயர் கிடங்குக்குப் பின்னால்
வாடகைக் கொட்டகையில்
இறக்கை ஒரு பக்கம், உடல் ஒரு பக்கமாக
ஆறு வருடமாய்க் கிடக்கிறது எங்கள் விமானம்.
வழி தவறி உள்ளே வந்த லோரிக்காரர்கூட
அதைத்தான் கேட்டார்.
நிற்குமா என்று ஒருவரும் கேட்டதில்லை.

நிறுத்துவது என் பங்கு.
எஞ்சின் ரொஸ்லானுக்கு, மின்கம்பிகள் கெங் சூனுக்கு.
பிரேக் மிச்சம்.
"புஷ்பராணி, உனக்குத்தான் பொறுமை" என்றார்கள்.
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
பதினான்கு வருடமாய்க் குறை கண்டுபிடித்துச்
சம்பளம் வாங்குகிறவளுக்கு
அது புகழா, பழியா?

சக்கரத்தின் பிடிப்பான் கடல் தாண்டிப் பெட்டியில் வந்தது.
மிதியின் உருளை
பட்டர்வொர்த் மோட்டார்சைக்கிள் கடையில்
ரொஸ்லான் பேரம் பேசி வாங்கியது, எண்பது ரிங்கிட்.
இரண்டுக்குள்ளும் ரப்பர் வளையம்.
இரண்டும் கறுப்பு.
கறுப்புக்குள் இருக்கிறது வம்பு:
ஒன்று சிவப்பு எண்ணெயில் வாழும், மஞ்சளில் இளகும்.
மற்றது அப்படியே தலைகீழ்.
எதை ஊற்றினாலும்
ஒரு முனை எங்களைக் கைவிடும்.

கேள்விப்பட்டதை நம்பி ஊற்ற மனம் வரவில்லை.
காயா ஜாம் புட்டிகள் நான்கு கழுவினேன்.
இரண்டில் சிவப்பு, இரண்டில் மஞ்சள்,
ஒவ்வொன்றிலும் ஒரு வளையம்.
பதினோராவது மாடியில், துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல்
பத்து நாள்.
தொழிற்சாலையில் கையெழுத்துப் போட்டு எடுத்து வந்த
வெர்னியர் அளவியால் தினம் அளந்தேன்.

சக்கரத்து வளையம், சிவப்பில்: மாற்றமில்லை.
மிதி வளையம், சிவப்பில்:
பன்னிரண்டு புள்ளி நான்காக இருந்தது
பதினான்கு புள்ளி ஒன்று.
தொட்டால், ஊறிய கொண்டைக்கடலை.

பொருந்தாத இடத்தில் வளையம் என்ன ஆகும் என்று
எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.
அப்போது விரல்தான் வீங்கிவிட்டது என்றார்கள்.
சோப்புப் போட்டுக் கழற்றினேன்.
அது வேறு கதை.

கெங் சூன் சொன்னான்: "மஞ்சளே போதும்,
எந்தப் பெட்ரோல் நிலையத்திலும் கிடைக்கும்."
கிடைக்கும்.
ஆனால் மஞ்சள் காற்றிலிருந்து ஈரம் குடிக்கும்.
உப்பு டப்பாவே அழுகிற ஊர் இது.
அதற்குள் ஒரு சொட்டு அவன் கையிலிருந்து வழிந்து
நேற்று வரைந்த பதிவெண்ணில்
ஒரு எழுத்தை நக்கித் தின்றிருந்தது.
அவன் அதற்குமேல் பேசவில்லை.

"கியர் எண்ணெயும் சிவப்புதானே?" இது கடைக்காரர்.
ரோஸ் சிரப்பும் சிவப்புதான் அண்ணே,
அதையும் ஊற்றவா?

சிவப்பு என்றே முடிவு செய்தேன்.
மிதி வளையங்களைப் பிடுங்கி
சக்கரத்து இனத்திலேயே புதியவை போட்டேன்.
சிவப்பும் தீப்பிடிக்கும், தெரியும்.
அதில் தாமதமாகப் பிடிக்கிற வகையை
சிங்கப்பூரிலிருந்து தருவித்தேன்.
விலையைக் கேட்டு ரொஸ்லான்
ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

ஞாயிற்றுக்கிழமை. வெளியே மழை.
ஊசிக்குழாயால் கீழிருந்து மேலே ஏற்றினேன்;
காற்று மேலே போகத்தான் விரும்பும்,
அதோடு சண்டை எதற்கு.
குழாயில் குமிழிகள் ஒவ்வொன்றாக ஏறின.
கடைசி ஒன்று முழங்கை வளைவில் ஒளிந்துகொண்டது.
குழாயைச் சுண்டினேன். சுண்டினேன்.
போய்விட்டது.

மழை விட்டதும்
இறக்கையில்லாத விமானத்தில் ஏறி உட்கார்ந்தேன்.
முற்றத்துச் சரிவில் இருவரும் தள்ளினார்கள்.
உருண்டது. வேகம் பிடித்தது.
டயர் அடுக்கு நெருங்கி வந்தது.
மிதித்தேன்.

நின்றது.
கெங் சூனின் மூக்கு வாலில் மோதியது.
"ஐயோ" என்று தமிழில் கத்தினான்.

மூக்கில் பஞ்சு வைத்துக்கொண்டு
மீதிச் சிவப்பைக் காயா புட்டியில் ஊற்றியவனும் அவன்தான்.
நான் மூடியில் ஒட்டுத்தாள் ஒட்டி
மூன்று மொழியில் எழுதினேன்:
குடிக்காதே.