ஜனவரி ஒன்று

எங்கள் முகாமில் எல்லோருக்கும் ஒரே பிறந்தநாள்.
எனக்கு, கல்தூமாவுக்கு,
ரொட்டி சுடும் ஜக்கரியாவுக்கு, அவன் மூன்று மகன்களுக்கு,
இமாமுக்கும்தான்.

எல்லை தாண்டி சாட் நாட்டுக்குள் வந்த அன்று
வரிசை ஒரு வேல மரத்தைச் சுற்றிப் போய்
மறுபடி அதே மரத்துக்கு வந்திருந்தது.
எழுத்தர் களைத்திருந்தார்.
"பையன் எந்த மாதம்?"
"வாதியில் தண்ணீர் இறங்கி மணல் தெரிந்த வாரம்.
கம்பங்கொல்லையில் குருவி விரட்டிக்கொண்டிருந்தேன்,
வலி வந்துவிட்டது" என்றாள் அம்மா.
அவ்வளவையும் எழுத அந்தக் கட்டத்தில் இடமில்லை.
ஜனவரி 1 என்று போட்டார்.
எனக்கு அப்போது ஆறு வயது,
ஒரு பிஸ்கட் கொடுத்தார்கள்.

இப்போது சந்தையில் போன் சார்ஜ் போடும் கடை வைத்திருக்கிறேன்.
இரண்டு சோலார் தகடு, நாற்பது ஒயர்,
போனுக்கு நூறு ஃபிராங்க்.
உதவித்தொகைப் படிவம் என்றால் காசு வாங்குவதில்லை.
பத்தொன்பது பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.
*நீங்கள் ஏன் தகுதியானவர்? ஐந்நூறு சொற்களுக்கு மிகாமல்.*
போருக்கு இரண்டு வரி போதும் என்பேன்,
அங்கே உட்கார்ந்து படிப்பவருக்கும் கண் வலிக்கும்.
வேதியியல் மதிப்பெண்ணை முதலில் சொல்.

எனக்காகவும் எழுதினேன்.
முதல் ஆண்டு, என் சூடான் சான்றிதழ் இங்கே செல்லாது என்றார்கள்.
அடுத்த முறை நேர்காணலன்று மலேரியா.
அதற்கடுத்து நிதியே இல்லை.
இந்த ஆண்டு
பிறந்த தேதியைத் தட்டியதும் ஒரு சிவப்பு வரி வந்தது,
இரண்டாம் பக்கம் திறக்கவில்லை.
செப்டம்பர் ஒன்றில் இருபத்தெட்டு நிறைந்திருக்கக் கூடாதாம்.
காகிதத்தில் நிறைந்து எட்டு மாதம்.
அம்மாவின் கணக்கில் இன்னும் ஒரு மாதம் பாக்கி.

அலுவலகத்துக்குப் போனேன். சின்னப் பெண், நல்லவள்.
"சாட்சி?" என்றாள்.
வாதி இருக்கிறதே என்றேன்.
சிரித்தாள், நானும் சிரித்தேன்.
"உங்களுக்கு மாற்றினால்
நாளைக் காலை பதினோராயிரம் பேர் வாசலில் நிற்பார்கள்."
உண்மைதான். நானே கூட்டி வந்திருப்பேன்.

அன்று மாலை கல்தூமா வந்தாள்.
அதே பக்கம், அதே ஜனவரி 1, வேறு வருடம்.
கதவு திறப்பதுபோல் இரண்டாம் பக்கம் திறந்தது.
கால்நடை மருத்துவம் என்று எழுதச் சொன்னாள்.
எழுதினேன். நன்றாகவே எழுதினேன்.

அனுப்பவில்லை.
இரண்டு நாள் வைத்திருந்தேன்.
கேட்டபோது டவர் இல்லை என்றேன்.
டவர் இருந்தது. முழு டவர்.
கடைசி நாள் இரவு பதினொன்றே முக்காலுக்கு
விரல் தானாக அழுத்தியது என்று சொல்லலாம்,
அப்படியில்லை, நான்தான் அழுத்தினேன்,
பிறகு வெளியே போய் வாந்தி எடுத்தேன்.
அவளுக்கு இது தெரியாது.

நான்கு இடத்தில் ஒன்று அவளுக்கு.
பயண அனுமதிச் சீட்டு, லாரி, அபெஷே நகரம்.
அவள் போன மாதமே
ரேஷன் அட்டையில் ஒரு தலை குறைந்தது.
அவள் அம்மா சோளத்தை அளந்து பார்த்தாள்,
மறுபடி அளந்தாள்.
உதவித்தொகையில் பாதி இங்கே வருகிறது,
என் கடை போனுக்குத்தான் வருகிறது,
எண்ணிக் கொடுக்கிறேன்.

பாடமெல்லாம் பிரெஞ்சு.
நோட்டைப் படம் பிடித்து அனுப்புவாள்:
*நூரேன், இதற்கு அரபியில் என்ன?*
மாட்டுக்கு வயிறு நான்கு அறை.
மூன்றாவதன் பெயர் அவளுக்கு முன்னால்
எனக்குப் பாடமாகிவிட்டது.
இரவில் நாற்பது போனும் கண் சிமிட்டும்,
அந்த வெளிச்சத்தில் வாசிப்பேன்.
தேர்வு கிடையாது, அதனால் அவசரமும் கிடையாது.

இன்று காலை இங்குள்ள வாதியில் மணல் தெரிந்தது.
"இன்றைக்கோ நேற்றைக்கோதான் நீ" என்றாள் அம்மா,
வேர்க்கடலை உரித்தபடி.
போனை எடுத்துக் கல்தூமாவுக்குத் தட்டினேன்:
நாற்பத்தாறாம் பக்கம் மங்கலாக வந்திருக்கிறது.
வெளிச்சத்தில் வைத்து
மறுபடி அனுப்பு.